நடுவில் ஒரு குழி

கண்ணின் பின்பக்கத்தை முப்பரிமாணத்தில் காட்டும் திரையில் தன் வலக்கண்ணைக் கண்டதும் மில்ரன் திடுக்கிட்டு எழுந்துவிட்டான். தட்டையாகப் படிந்துகிடந்த படலத்தின் நட்டநடுவே ஒரு குழி. பக்கத்திலே மனைவி மேரி ரோஸின் கண். அதில் குழியே இல்லை. காற்றுக் குவித்த கடற்கரை மணலைப்போல வழுவழுப்பான ஒரு மேடுதான்.

இருவருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வங்காலையிலிருந்து மன்னார் ரவுன் ஆஸ்பத்திரிக்குக் கண்ணைக் காட்ட வந்தவன் மில்ரன்தான். துணைக்கு வந்தவளையும், வந்ததே வந்தீர்கள் என்று படமெடுக்கும் பெண் டிலோஜினி இயந்திரத்தின் முன் இருத்திவிட்டாள். பிறகு, டாக்குத்தரிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி இருவரையும் வெளியே அனுப்பினாள்.

வெளியே நீள வாங்கில் வந்து உட்கார்ந்ததும் மில்ரன் சொன்னான். "என்ர கண்ணில ஓட்டை விழுந்திட்டுது. உன்ர கண் நல்ல வடிவாக் கிடக்கு. இனி நீதான் எனக்குக் கண்."

மேரி ரோஸ் அழத் தொடங்கினாள்.

கண் இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ண நினைத்தான் மில்ரன். மைத்துனன் ரொபின்சனைப் போனில் அழைத்து, நாளையிலிருந்து என் மீன்பிடிப் படகை நீயே எடு என்றான். ரொபின்சன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. எஞ்சின் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டான். அவசரப்பட்டுவிட்டோமோ என்று மில்ரனுக்குத் தோன்றியது. படகைத் தொடாதே என்று உன் அண்ணன் சொன்னால் ரொபின்சன் கேட்பான், அவருக்கு எடு என்று போனை மனைவியிடம் கொடுத்தான்.

அவள் அழுத்திய பெயருக்குப் பேசியவர் அண்ணன் இல்லை, ஊர்த் தேவாலயத்துப் பங்குச் சுவாமியார். விக்கி விக்கி அவள் சொன்னதைக் கேட்டவர், பின்னேரப் பூசையில் மில்ரனின் பார்வைக்காக ஊரையே மன்றாடச் சொல்வதாக வாக்களித்தார்.

"ஊருக்கே சொல்லிப்போட்டியே" என்றான் மில்ரன். ஆனாலும் அவளைக் கோபிக்க மனம் வரவில்லை. கண்ணீர் வழியும்போது போனில் பெயர் எப்படித் தெரியும்?

இனி நீயே ஓட்டு என்று சட்டைப்பையிலிருந்து மோட்டார்சைக்கிள் திறப்பையும் எடுத்து அவளிடமே கொடுத்தான். அவளுக்கு ஓட்டத் தெரியும்; கொஞ்சக் காலமாகத்தான் பயம் என்று விட்டிருந்தாள். பிறகு, குருட்டு வாழ்க்கைக்குப் பழகிப் பார்க்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு, தன்னைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொன்னான்.

முதலில் பூச்சாடி முழங்காலில் இடித்தது. அடுத்துச் சுவர். பிறகு அவள் ஒரு கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டாள். உள்ளே ஒரு பெண் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"அழுது அழுது கண் கலங்கிப் போச்சு. அவவில பிழையில்லை" என்று மில்ரன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். இப்படி ஒரு மனைவி வாய்க்க எவனுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று அவனுக்கே கண் கலங்கியது.

அப்போது டிலோஜினி வெளியே வந்தாள். மில்ரன் எழுந்து, குழியைப் பற்றி டாக்குத்தர் என்ன சொன்னாலும் தாங்குவேன் என்றான்.

"அந்தக் குழி எல்லாருக்கும் இருக்கோணும் அண்ணை; அக்காட கண்ணிலதான் அது வீங்கி மூடிப்போச்சு, ஊசி போட அவவை உள்ள கூட்டிக்கொண்டு வாங்கோ."