மாஸ்டரின் இரண்டு கால்கள்

"இனிமே இந்த வீட்டு வண்டியை நான்தான் ஓட்டப் போறேன்!" என்று கடிகாரக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தார். போட்டிருந்தது பனியன். குரல் மட்டும் ராஜா குரல்.

லைசென்ஸ் எடுத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதில் இருக்கும் போட்டோவில் தலை நிறைய முடி. முடி போய்விட்டது, லைசென்ஸ் மட்டும் பீரோவுக்குள் புத்தம் புதிதாக இருந்தது. கடுகளவு திருகாணியைக்கூடக் கை நடுங்காமல் கடிகாரத்துக்குள் மாட்டுகிற மனிதர்தான். ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் நனைந்த கோழி ஆகிவிடுவார். அதனால் இத்தனை வருஷமும் வண்டியை ஓட்டியது மனைவி.

இன்னும் மூன்று வாரத்தில் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். அதற்குப் பிறகு ஆறு வாரம் பெடலில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வேறு கூட்டிப் போக வேண்டும்.

"நான் இருக்கேன்ல?" என்றார் கடிகாரக்காரர்.

"அதான் பயமா இருக்கு."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்.

அங்கே மாஸ்டருக்கு மலை மாதிரி உடம்பு. வாயிலிருந்து வார்த்தையை வரவழைக்கக் கிரேன் வேண்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மடியை மூடிச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அந்தப் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். இவர் சொதப்பினால் அவர் அமுக்குவார். அந்த இரண்டாவது பிரேக்கைப் பார்த்த பிறகுதான் கடிகாரக்காரருக்கு மூச்சே வந்தது.

முதல் வாரம் வண்டி தவளை மாதிரி குதித்தது. ரவுண்டானாவிலிருந்து வெளியே வரத் தெரியாமல் ஐந்து தரம் சுற்றினார். அடுத்த வாரம் குதிக்கவில்லை. ரவுண்டானாவும் ஒரே சுற்றில் முடிந்தது. ஒரு நாள் சந்திலிருந்து ஒரு லாரி திடீரென்று மூக்கை நீட்டியது. வண்டி ஒரு முழம் தள்ளிக் கச்சிதமாக நின்றது.

"நல்லவேளை மாஸ்டர், அமுக்கினீங்க!"

"ம்," என்றார் மாஸ்டர்.

எல்லாம் மாஸ்டர் காலின் மகிமை. கடிகாரக்காரருக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் சொந்த வண்டியில் அந்தக் கால் இருக்காதே! ஆபரேஷன் நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு திட்டம் போட்டார்.

"மாஸ்டர், திங்கக்கிழமை உங்க வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். கையை நான் பாத்துக்கறேன், காலை நீங்க பாத்துக்கோங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"சரி சார்."

வீட்டுக்கு வந்து மெதுவாக ஆரம்பித்தார். "நம்ம வண்டியில ஏதோ சத்தம் வருது. மாஸ்டர் வண்டியில போயிடலாமா?"

"சத்தமா? நேத்து நான் ஓட்டும்போது அது வாயே திறக்கலையேங்க?"

"உன் முன்னாடி யாரு வாயைத் திறப்பா?"

அவள் சிரித்தாள். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்காமல் விட்டால் ஆபத்து என்று கல்யாணமான மறு வாரமே தெரிந்திருக்க வேண்டும். இவருக்கு இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை, ஆபரேஷன் நாள். மனைவி பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, கையில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்தாள். மாஸ்டர் செய்தித்தாளை விரித்தார். கடிகாரக்காரர் விமானம் ஓட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்துகொண்டார்.

"பாத்தியா, சிக்னல்ல எப்படி நின்னுச்சு? தண்ணி தளும்பிச்சா?"

"தளும்பலைங்க."

"அதான் கால் வாகு!"

"யார் கால்?"

"என் கால்தான். வேற யார் கால்?"

மாஸ்டருக்குப் புரையேறியது.

ஆஸ்பத்திரி வாசலில் செங்குத்தான ஏற்றம். பாதியில் முன்னால் போன வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரு ஆம்புலன்ஸ். கடிகாரக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாஸ்டர், விட்டுடாதீங்க," என்று முணுமுணுத்தார். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் ஏறியது. இரண்டு தூணுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி நின்றது.

நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்து மனைவியை இறக்கினாள். மாஸ்டர் செய்தித்தாளை மடித்தார். கடிகாரக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டர் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர்! உங்க கால்?"

"மரத்துப் போச்சு சார். கொஞ்சம் பிடிங்க, இறங்கறேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து நாளா. உங்க வீட்டு அம்மாதான் போன் பண்ணி காலை மடக்கி உக்காரச் சொன்னாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாங்க."

"அப்ப அந்த லாரி?"

"நான் காலை இறக்கறதுக்குள்ள நீங்களே நிறுத்திட்டீங்க சார்."

"இப்ப இந்த ஏத்தம்?"

"நீங்கதான்."

மாஸ்டர் இத்தனை வார்த்தை பேசியதே அன்றுதான். கடிகாரக்காரர் குனிந்து தன் செருப்புக் காலைப் பார்த்தார். யாரோ புதுசாக மாட்டிவிட்ட கால் மாதிரி இருந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போனது. ஆறு வாரம் என்ன, அறுபது வாரம்கூட ஓட்டலாம்! கண் லேசாகக் கலங்க, ஓடிப் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எனக்கு ஓட்ட வரும்னு உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கையா? எப்படி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தானே வரப் போறோம்னு இருந்துட்டேங்க."