ஆறு மாதச் செல்லுபடி

மனைவி விமானம் ஏறுவதை எப்படியும் தடுத்துவிடுவது என்று பூதக்கண்ணாடி முடிவு செய்தார். வாயைத் திறந்து ‘போகாதே’ என்று சொல்லும் உத்தேசம் மட்டும் அவருக்கு இல்லை. பதினாலு வருட இல்லறத்தில் அந்த மாதிரி ஆபத்தான காரியங்களில் அவர் இறங்கியதே கிடையாது.

விமான நிலையத்தில் பயணிகளின் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து ஏற்றிவிடுவது அவர் உத்தியோகம். வேறு தேசத்துப் பாஸ்போர்ட்டோடு யாராவது வந்தால், மற்ற கவுண்டர்க்காரர்கள் அவர் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். அவரும் பக்கத்துக்குப் பக்கம் விரல் வைத்துப் பார்ப்பார். முத்திரை மங்கலாக இருந்தால் சட்டைப் பையிலிருந்து லென்ஸ் வெளியே வரும். பூதக்கண்ணாடி என்ற பெயர் அதனால் வந்தது. காகிதம் சரியில்லாத பயணியை ஏற்றிவிட்டால், போன ஊரில் விமானக் கம்பெனிக்கு அபராதம் போட்டு ஆளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் கவுண்டரைத் தாண்டியவர்களில் ஒருவர்கூட அப்படித் திரும்பி வந்ததில்லை. அங்கே அவர் சொன்னதுதான் சட்டம். வீட்டில் அவர் சொல்லுக்குச் செல்லுபடிக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

மனைவியின் அக்கா கடல் தாண்டி ஒரு தேசத்தில் இருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. “ஒரு மாசம் இருந்துட்டு வரேன்” என்று மனைவி டிக்கெட்டே எடுத்துவிட்டாள். ஒரு மாதமா! முன்பு ஒரு முறை இரண்டே நாள் அவள் வெளியூர் போனபோது, பேச ஆளில்லாமல் அவர் துணி துவைக்கும் மெஷினோடு பேசிக்கொண்டிருந்தார். அதுவும் பாதியில் நின்றுபோனது.

அவள் பாஸ்போர்ட் அவள் பிறந்த நாட்டுடையது. கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. டிக்கெட் எடுத்த அன்று அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கை பழக்கத்தில் எடுத்துப் புரட்டினார். காலாவதித் தேதி கண்ணில் பட்டது. விரல் விட்டு எண்ணினார். பயண நாளிலிருந்து நாலு மாதம் இருபது நாள். அக்கா இருக்கும் ஊரில் இறங்கியதும் விசா கொடுத்துவிடுவார்கள். ஆனால் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அவர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“என்னங்க, எல்லாம் சரியா இருக்கா?” என்றாள் மனைவி.

“ம்.”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே?”

“போட்டோவுல நீ கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கே” என்று மூடி வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு மாதம் அவரைப் போல ஒரு கணவன் உலகத்தில் இல்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். அதன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். குளியலறைக் கண்ணாடி முன்னால் தினமும் ஒத்திகை பார்த்தார். ‘என்னம்மா செய்யறது, சட்டம் அப்படி. என் கையில இருந்தா விடுவேனா?’ இடது கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவழைக்கவும் பழகிக்கொண்டார். வலது கண் ஒத்துழைக்கவில்லை.

பயண நாள் வந்தது. அவர் வேலையில் இருந்தார். பெட்டியை உருட்டிக்கொண்டு வந்த மனைவி, நாலு கவுண்டர் காலியாகக் கிடக்க, அவர் வரிசையில் வந்து நின்றாள். அவருடைய மேலதிகாரியம்மாவும் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

“வீட்டுக்காரங்கன்னு விட்டுடாதீங்க சார். எல்லாருக்கும் பார்க்கற மாதிரி பாருங்க.”

“கண்டிப்பா மேடம்” என்றார் பூதக்கண்ணாடி. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? மனைவி பக்கம் திரும்பினார். “பாஸ்போர்ட் குடுங்க, மேடம்.”

மனைவி கொடுத்தாள். அவர் நேராகத் தேதி இருக்கும் பக்கத்தைத் திறந்தார். பெருமூச்சு விட்டார். இடது கண்ணைத் தயார் செய்தார்.

“இது ஆறு மாசத்துக்குச் செல்லாதும்மா. ஏத்த முடியாது. என்ன செய்யறது, சட்டம் அப்படி. என் கையில இருந்தா விடுவேனா?”

பக்கத்துக் கவுண்டருக்கு வந்த ஒரு பெரியவர் ‘த்சொ த்சொ’ என்றார். சொட்டு சரியான நேரத்தில் விழுந்தது.

“சார்,” என்றாள் மேலதிகாரியம்மா, “மூலையைப் பார்க்கலையா?”

பார்த்தார். பாஸ்போர்ட்டின் ஒரு மூலை கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. ரத்தான பாஸ்போர்ட்டைத்தான் அப்படி வெட்டிக் கொடுப்பார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அடடா, பழசைக் குடுத்துட்டேனா?” என்று மனைவி கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாள். புத்தம் புதுசு. பத்து வருடத்துக்குச் செல்லும்.

‘மேடம்’ மறந்துபோயிற்று. “எப்போடி மாத்தினே?”

“நீங்க காலை ஷிப்டுக்குப் போன ஒரு செவ்வாக்கிழமை தூதரகத்துக்குப் போய் எழுதிக் குடுத்தேன்.”

“யார் சொன்னாங்க உனக்கு?”

“நீங்கதான்.”

“நான் வாயே திறக்கலையே!”

“அதான். பக்கத்து வீட்டுப் பாப்பாவோட லைப்ரரி கார்டைப் பார்த்தாக்கூட எப்போ காலாவதின்னு சொல்ற ஆளு நீங்க. என் பாஸ்போர்ட்டைப் புரட்டிட்டு இளைச்ச மாதிரி இருக்கேன்னீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து அந்த வார்த்தையை உங்க வாயால நான் கேட்டதில்லை. நீங்க அந்தண்டை போனதும் தேதியைப் பார்த்துட்டேன்.”

மேலதிகாரியம்மா ஏனோ கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

பூதக்கண்ணாடி விடவில்லை. திரும்பி வரும் டிக்கெட்டைக் கேட்டார். இந்த நாட்டில் குடியிருக்கும் அனுமதி அட்டையைக் கேட்டார். லென்ஸை எடுத்தார். ஒரு எழுத்தாவது பிசகியிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே பார்த்தார். பெயர் சரி. அட்டை சரி. டிக்கெட்டில் மட்டும் கண் நின்றது.

“மூணு மாசம் போட்டிருக்கு! ஒரு மாசம்னுதானே சொன்னே?”

“முதல்ல ஒரு மாசம்தான். இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசம் காத்திருந்தேன். சொல்லலை. காத்திருந்ததையும் சேர்த்துக்கிட்டேன்.”

எந்தச் சட்டத்திலும் இதற்குத் தடை இல்லை. அவருக்குத் தெரியாத சட்டமா? பெட்டிக்குச் சீட்டு ஒட்டி, விமானம் ஏறும் சீட்டையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது குரலை இறக்கிக் கேட்டார்.

“போகாதேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா?”

அவள் சீட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

“யோசிச்சிருப்பேன். இப்போ பெட்டி போயிடுச்சே.”

பெட்டி பெல்ட்டில் ஊர்ந்து ரப்பர் திரைக்குள் மறைந்தது. இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஒத்திகையே தேவைப்படவில்லை.

“பயணிப் படிவத்துல உங்க கையெழுத்து பாக்கி சார்” என்றாள் மேலதிகாரியம்மா.

மனைவி நிரப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்தார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் மாடி வீட்டுத் தையல்காரம்மாவின் பேரும் போன் நம்பரும் இருந்தன.

“ஏன், என் பேரை எழுதக் கூடாதா?” என்றார் தழுதழுத்து.

“அவசரத்துக்குன்னு போட்டிருக்குங்க! உடனே வாயைத் திறக்கற ஆளு வேணும்” என்றாள் மனைவி.