அரசர் இருக்கும்வரை செல்லும் தாள்

மார்பிள்ஹெட், மாசசூசெட்ஸ் குடியேற்றம்
அக்டோபர் 1765

பிரிஸ்டல் நகரில் பெருமையோடு வாழ்ந்துவரும் மைத்துனர் ஜோசையா பென்ஹாலோ அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை தபிதாவின் கணவன் ஒபதயா லஸ்கம்ப் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், பன்றியும் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். குறையாவிட்டால் எழுதுங்கள், தபிதா இன்னொரு குப்பி வாத்துக் கொழுப்பு அனுப்புவதாகச் சொல்கிறாள்.

சுங்கத்துக்காரர்கள் வீட்டைச் சோதித்தால் நீங்களெல்லாம் ஏன் இப்படிக் கூச்சல் போடுகிறீர்கள், மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. கப்பல் பாய் தைத்தே காலம் தள்ளி ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் நானும் அதையேதான் சாராயக் கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால், கோடைக்கடைசியில் ஒரு காலை டிக்பி ஹார்வுட் என்ற புதுச் சுங்க அதிகாரி என் வாசலில் வந்து நின்றபோது, நானே கதவை அகலத் திறந்து, ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்து, ஒரு நேர்மையான குடிமகனின் வீடு எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டுப் போங்கள் ஐயா என்றேன். கூட வந்தவன் ஜெத்ரோ. ஊரில் செருப்புத் தைப்பவன், இந்த வருஷம் கான்ஸ்டபிள் வேலை அவன் தலையில் விழுந்திருக்கிறது. அவன் என் முகத்தைப் பார்க்காமல், என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்வுட் ஒரு தாளை நீட்டினார். முத்திரை, அரசர் பெயர் எல்லாம் இருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"இதுல என் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"உங்க பேரு இல்லிங்க. யார் பேரும் இல்ல."

"சரி, எந்த வீடுன்னாவது இருக்கா?"

"எந்த வீடா இருந்தாலும் செல்லும்."

"என்ன தேடுறீங்க?"

"கெடைச்சாத்தான் தெரியும்."

"இது எதுவரைக்கும் செல்லும்?"

"ராஜா காலமாகி ஆறு மாசம் வரைக்கும்."

மைத்துனரே, நம் அரசருக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஞாயிறுதோறும் அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டிக் கண்ணை மூடி ஜெபிக்கிறேன். இத்தனை நாளும் நான் எதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது. மாவுப் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார், இறகு மெத்தையைக் கிழித்தார், இறகெல்லாம் மேலே பறந்து மாவுக் கையில் ஒட்டிக்கொள்ள, அவர் தும்மத் தும்ம இன்னும் பறந்தது, நிலவறையில் ஒரு பீப்பாயைப் பார்த்ததும் பிரெஞ்சு மதுதான் என்று முடிவுகட்டி ஒரு குவளை மொண்டு மடமடவென்று குடித்துவிட்டார், அது தபிதா வெள்ளரிக்காய் ஊறப்போட்டிருந்த காடி. ஜெத்ரோ சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்கக் குலுங்க நின்றான், எனக்கும் சிரிப்பு வந்தது. இதுவரைக்கும் நானும் உங்கள் கட்சிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மாடிக்குப் போனார்கள். அங்கே எங்கள் ப்ரூடென்ஸின் சின்னப் பெட்டி இருக்கிறது. குழந்தை தொண்டைக் காய்ச்சலில் போனபோது நீங்கள் எழுதிய ஆறுதல் கடிதம் இன்னும் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியை அன்று பூட்டியவள் தபிதா. அதற்குள் என்ன வைத்தாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் காட்டியதில்லை. ஹார்வுட் அதைத் திறக்கச் சொன்னார்.

"அது என் பொண்ணோடது" என்றாள் தபிதா.

"தொறக்கலேன்னா ஒடைக்க வேண்டி வரும்மா. எனக்கு உத்தரவு அப்படி."

அவள் கழுத்திலிருந்த சாவியை எடுத்துத் தானே திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் வைத்தாள். ஒரு குல்லாய். ஒரு மரப் பொம்மை. முட்டியில் ஒட்டுப் போட்ட காலுறை. இறகு ஒட்டிய அந்த மாவுக் கைகளில் எங்கள் குழந்தையின் காலுறையை ஏந்திக்கொண்டு அந்த மனிதர் நின்றார். வேண்டாம், போதும் என்று முணுமுணுத்தார். "இல்ல, பாருங்க. முழுசாப் பாத்துட்டுப் போங்க" என்றாள் உங்கள் தங்கை. பெட்டி காலியாகும்வரை அவள் விடவில்லை.

என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. மெத்தையைத் தைத்தாயிற்று. எதையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் பெற்ற தகப்பன் கேட்கத் தயங்கிய பெட்டியை, வழியோடு போகிற ஒருவர், என்ன தேடுகிறோம் என்றுகூடத் தெரியாமல் திறக்கச் சொல்ல முடிந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஹார்வுட் அதே தாளோடு பக்கத்து வீட்டு எனோக் டார்லியிடம் போனார். டார்லி வீட்டு நிலவறையில் வரி கட்டாத வெல்லப்பாகு இருப்பது ஊருக்கே தெரியும். அவன் ஆடு என் முட்டைக்கோஸ் பாத்தியைத் தின்ற நாளிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை. இருந்தும் போனேன். மீனவர்கள், தச்சர்கள், பாதி ஊர் அவன் வாசலில் நின்றது. யாரும் கல்லெடுக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. தபிதா பின்னல் ஊசியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டார்லி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாரு, ஒபதயாவா? நீதான் எங்கிட்டப் பேச மாட்டியே" என்றான்.

"இப்பவும் பேசல. நிக்கிறேன், அவ்வளவுதான்."

அந்தத் தாள் பகலில் மட்டுமே செல்லும், அதுவும் கான்ஸ்டபிள் கூட வந்தால்தான். ஜெத்ரோ திடீரென்று தன் செருப்பு வார் அறுந்துவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்து, சூரியன் சாயும்வரை அதைத் தைத்துக்கொண்டிருந்தான். ஹார்வுட் திரும்பிப் போனார். திருட்டுச் சரக்குக்குக் காவல் நின்றாயா என்று நீங்கள் கோபிக்கலாம். நின்றேன். மறுபடியும் நிற்பேன்.

அன்றிலிருந்து ஊரில் யாரும் அந்த மனிதருக்கு ரொட்டி விற்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்காருவதில்லை. நானும் சபதம் செய்திருக்கிறேன். என் மூச்சு இருக்கும்வரை டிக்பி ஹார்வுட் என் வாசற்படி தாண்டமாட்டார். இதை அங்கே பார்லிமெண்டில் உங்களுக்குத் தெரிந்தவரிடம் என் பெயரைப் போட்டே சொல்லுங்கள்.

அண்ணியாருக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் அணையாதிருக்கவும், உங்கள் கதவை நல்லவர்களே தட்டவும் ஆண்டவரை வேண்டும்,

உங்கள் பணிவுள்ள மைத்துனன்,
ஒபதயா லஸ்கம்ப்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஹார்வுட். கொட்டுகிற மழையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் மனைவிக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாம், ஊரில் மருத்துவச்சி உட்பட ஒருவரும் கதவைத் திறக்கவில்லையாம். என் சபதத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தபிதா மேலங்கியை மாட்டிக்கொண்டு, சுத்தமான துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். கதவு திறந்துதான் கிடந்தது. அவர் படிக்கு வெளியிலேயே நனைந்தபடி, "உள்ள வரலாமாங்க?" என்று கேட்டார். இப்போது என் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறார். பார்லிமெண்டில் சொல்வதானால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: கேட்டார், வரச்சொன்னேன்.