ஜேடர்பாளையம் பிரிவில் இடப்பக்க விளக்கு எரிந்தது பற்றிச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி முருகானந்தம் அவர்களுக்கு, வேலுசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பேத்தி நிலாவின் காது நன்றாக ஆறிவிட்டது. காது குத்திய நாளிலிருந்து பதினொரு நாளாக நீங்கள் போனை எடுக்காததால் இதைத் தபாலில் எழுதுகிறேன்.

நான் உங்களை வேண்டுமென்றே திசைமாற்றி அனுப்பவில்லை என்பதை முதலில் நம்ப வேண்டும். கோயிலுக்குப் பாத்திரங்களும் மேச்சேரிக் கிடாயும் கொண்டுபோக, என் பிக்கப்புக்குப் பின்னால் இழுக்கும் ட்ரெய்லர் ஒன்று வாங்கினேன் அல்லவா, அதற்குக் கொக்கி வைத்தது பட்டறை நாச்சிமுத்து. முதலில் ஒரு சாண் உயரமாக வைத்துவிட்டான். ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்க, வெள்ளோட்டம் பார்க்க ஏற்றிய கிடாய் கடைசிவரை சறுக்கிப் போய்ப் பின்கதவில் முட்டிக்கொண்டு என்னை முறைத்தது. கொக்கியைக் கழற்றிக் கீழே இறக்கி மாட்டினோம். ஆனால் வயரிங்கை மட்டும் நானே செய்தேன். முப்பது வருஷமாகக் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு நாலு விளக்கு எம்மாத்திரம் என்று நினைத்தது என் குற்றம்தான்.

அன்று நீங்கள் வேனில் என் பின்னாலேயே வந்தீர்கள். ஜேடர்பாளையம் பிரிவில் எதிரே பஸ் வந்ததால் பிரேக்கை மிதித்தேன், பிறகு நேராகப் போய்விட்டேன். கோயிலில் இறங்கிப் பார்த்தால் வேனைக் காணோம். ஒன்பது மணிக்குள் காது குத்தியாக வேண்டும், குழந்தையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் உங்கள் மகன் பூபதி, அவனோ வேனுக்குள். போன் போட்டால் நீங்கள், "தடுப்பணைல நிக்கறமுங்க, கோயில எங்கீங்க காணோம்?" என்கிறீர்கள்.

"அங்க ஏனுங்க போனீங்க?"

"நீங்கதானுங்களே லெப்டுல லைட்டு போட்டீங்க!"

"நான் எப்பீங்க போட்டேன்?"

இந்தப் பேச்சிலேயே ஐந்து நிமிஷம் போய்விட்டது. எட்டு ஐம்பத்தேழுக்கு வேன் வந்ததும், பூபதி ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து மடியை நீட்டியதும், நிலா சிரித்துக்கொண்டே குத்திக்கொண்டதும், நீங்கள்தான் தேம்பியதும் எல்லாரும் கண்டது. அழுகை நின்றதும் என்னிடம் சொல்லாமல், கறிசோறு தொடாமல் கிளம்பிவிட்டீர்கள்.

மறுநாளே நாச்சிமுத்துவிடம் வண்டியை விட்டேன். என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தான். பிரேக் விளக்கோடு இடப்பக்க விளக்கும் மினுக்கென்று எரிந்ததாம்.

"எர்த்துங்கண்ணா. பெயிண்டு மேலயே போல்ட்ட முடுக்கி வெச்சிருக்கீங்க. கரண்டு போறதுக்கு வழி இருக்குது, திரும்பி வாரதுக்கு வழியில்லீங்க. அதான் பக்கத்து லைட்டு வழியா பூந்து வருது" என்றான்.

உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, அதே போல்ட்டை மறுபடி இறுக்கினான். அவ்வளவுதான், எல்லா விளக்கும் ஒழுங்காகிவிட்டன. ஆகவே சம்பந்தி, அன்று பொய் சொன்னது கம்பி, நானல்ல. இதைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பூபதிக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்து, வீடு நிறைய மக்களோடு நீங்கள் நீடூழி வாழக் குலதெய்வம் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள
வேலுசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மகள் தனப்பிரியா இதைப் படித்துவிட்டாள். அன்று என் வண்டியின் பின்சீட்டிலிருந்து குழந்தையைப் படம் எடுத்தாளாம், அதைப் போட்டுக் காட்டினாள். அதில் அந்தப் பிரிவு வரும்போது நான் கிடாயின் விலையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, கையை வீசி இண்டிகேட்டர் சுவிட்சைத் தட்டிவிடுகிறேன். டிக் டிக் என்று சத்தம் வேறு. "மாமா, லைட்டப் போட்டது நீங்கதானுங்க" என்கிறாள். மேலே எழுதியதை அடிக்க மனம் வரவில்லை, நன்றாக வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறேன். வந்து, சாப்பிட்டுவிட்டுத் திட்டுங்கள்.