இன்ஜின் நின்ற பிறகும் கேட்ட சத்தம்

இன்ஜினியரிங் முடித்த புதிதில் எந்த இன்ஜினையும் நிம்மதியாக ஓடவிட மனம் வராது. அதிலும் என் கல்லூரி ப்ராஜெக்ட், டீசல் இன்ஜினின் சத்தத்தை வைத்தே அதன் கோளாறைக் கண்டுபிடிப்பது. சென்சாரை ஒட்டினால் லேப்டாப்பில் சத்தம் கோடுகளாக ஓடும். நல்ல இன்ஜினின் கோடுகளோடு ஒப்பிட்டால் நோய் தெரிந்துவிடும். (தெரியணும்.)

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, வருங்கால மாமனாரின் பனியன் கம்பெனியைப் பார்க்கத் திருப்பூர் போயிருந்தேன். அன்றைக்கென்று கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் சரக்கு லாரியில் ஏறியாக வேண்டும்.

"நீ படிச்சது இதானே கண்ணு? நம்முளதையும் கொஞ்சம் கேட்டுப் பாரேன்" என்றார் மாமா.

ஜெனரேட்டரின் வெளிக்கூண்டில் சென்சாரை ஒட்டினேன். (இன்ஜின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். சுட்டது.) ஹெட்போனை மாட்டினால், டக்... டக்... டக். 'இன்ஜெக்டர் கோளாறு' என்று லேப்டாப் சிவந்தது.

"உடனே நிறுத்தச் சொல்லுங்க மாமா! பிஸ்டனே போயிருமுங்க!"

நிறுத்தினார்கள். தையல் மிஷின்கள் மொத்தமும் அடங்கின. மெக்கானிக் வந்து, டீசலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்த்து, "நல்லாத்தானுங்க இருக்குது" என்று திரும்ப மாட்டினார். ஓடவிட்டோம். சத்தம் இல்லை!

"கழட்டி மாட்டுனதுல சரியாயிருச்சு பாருங்க" என்றேன். மெக்கானிக் ஸ்பானரைத் துடைக்கப் போனார். மாமா எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்து, கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

டக்... டக்... டக்.

"நிறுத்துங்க!"

இன்ஜின் நின்றது. ஹெட்போனில் டக் டக் நிற்கவில்லை.

நின்ற இன்ஜினில் ஓடும் பிஸ்டனைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மாமா கூண்டில் சாய்ந்தபடி மோதிரம் போட்ட விரலால் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடினால் அதன் தாளத்துக்குத் தட்டுவாராம். கவலை வந்தால் தாளமில்லாமலும் தட்டுவாராம்.

"மாமா... உங்க மோதிரமுங்க."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் கண்ணு, நல்லா இல்லையா?"

மெக்கானிக் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார். லாரி தாமதமாகத்தான் கிளம்பியது. சம்பந்தம் முறிந்துவிடும் என்று எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முறியவில்லை.

போன மாதம் நெஞ்சு படபடப்பு என்று மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்ததுமே அத்தை குறுக்கிட்டார்.

"ஏனுங்க டாக்டர், மொதல்ல அவரு மோதிரத்தக் கழட்டிப்போட்டுக் கேளுங்க. இல்லாட்டி எங்க மருமக நெஞ்சையே கழட்டி மாட்டச் சொல்லீரும்."