மாண்புமிகு இதயம்

உலகம் தோன்றிய நாள் முதல் எத்தனையோ இதயங்கள் துடித்திருக்கின்றன. அவற்றில் எதற்கும், என் கணவரின் நெஞ்சுக்குள் சில வாரங்கள் துடித்த இதயத்துக்குக் கிடைத்த மரியாதை கிடைத்ததில்லை. அதற்கென்று ஒரு குழு இருந்தது. குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார். தினமும் காலையில் அதன் நலம் குறித்து அறிக்கை வெளியானது. அதன் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில், அதன் புகழைப் பாடும் தகுதி எனக்கு உண்டு.

அது பன்றியின் இதயம்.

பன்றி என்று சொல்லக் கூடாது என்பது மருத்துவமனையின் முதல் விதி. “கொடையாளர்” என்று சொல்ல வேண்டும். என் கணவருக்கு “பெறுநர்” என்று பெயர் வைத்தார்கள். கல்யாணமான நாள் முதல் அவரை “ஏங்க” என்றே கூப்பிட்டு வந்ததால், இந்தப் பெயர் மாற்றத்தால் எனக்குப் பெரிய சிரமம் ஏற்படவில்லை.

அவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்கள் அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்கின. நாங்கள் இருந்த கட்டடத்தின் லிப்ட் மட்டும் ஓடாது. குடியிருப்போர் சங்கத்தில் கேட்டால், “நம்ம ஆளே இருக்காரே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்கள். நாலாவது மாடிக்கு ஏறி ஏறித்தான் அண்ணன் இதயம் கெட்டது என்பது என் நாத்தனாரின் மருத்துவக் கருத்து. மாற்று இதயம் கேட்டுப் போனபோது, மனித இதயத்துக்கான வரிசையில் இவரைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வரிசையில் நிற்பதற்கே உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமாம்.

அப்போதுதான் பெரிய டாக்டர் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார்.

“இது சாதாரணப் பன்னி இல்லை” என்றார். அவருக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு விலக்கு உண்டு. “மரபணுவில பத்து இடத்துல திருத்தம் பண்ணியிருக்கோம். மனுஷ உடம்பு இதை அந்நியமா நினைக்காது.”

“பத்து இடம் போதுமா சார்?” என்று இவர் கேட்டார்.

“தாராளமா.”

“எங்க மேனேஜருக்குப் போதாது சார்.”

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. கோப்பில் எதையோ குறித்துக்கொண்டார். பெறுநரின் மனநிலை என்ற தலைப்பில் இருக்கலாம்.

“மோட்டார் மாத்தறது பெரிய வேலை இல்ல சார்” என்று இவர் தொடர்ந்தார். “வேற கம்பெனி மோட்டார்கூடச் சேர்ந்துக்கும். நான் பார்த்த விபத்து எல்லாமே கதவுலதான்.”

“வால்வைச் சொல்றீங்களா? அதெல்லாம் சோதிச்சாச்சு. பிரமாதமா இருக்கு.”

பிறகு எங்களுக்கு ஓர் ஆல்பம் காட்டினார்கள். கொடையாளர் இல்லம். வடிகட்டிய காற்று, வேகவைத்து ஆறவைத்த தீனி, வழுவழுப்பான தரை. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு முறை குளிக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் உடுப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். முகக்கவசம் அணிய வேண்டும். வீட்டில் யாருக்காவது சளி, இருமல் என்றால் வாசலோடு திரும்ப வேண்டும். இவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“நம்ம கல்யாண ஆல்பத்தைவிட நல்லா இருக்கு.”

“உங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு நான் இங்க பொறந்திருக்கலாம்” என்றேன்.

சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கி, ஆல்பத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கொடையாளரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. இந்த விவகாரத்தில் கடைசி வரை வாய் திறக்காமல் தன் வேலையைச் செய்த ஒரே நபர் அதுதான். அதன்மேல் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது.

அறுவை சிகிச்சை “மகத்தான வெற்றி” அடைந்தது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் நீலம் பாரித்துக் கிடந்த உதடுகள் இளஞ்சிவப்பாக மாறியதை நான் பார்த்தேன். தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுத்த பிறகு இவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்: “வீட்டுக்குப் போனதும் நம்ம லிப்ட்டைப் பார்த்துடறேன். உன் முட்டி தாங்காது.”

நாத்தனார் வந்து வாசலிலேயே நின்றாள்.

“அண்ணா, எங்களையெல்லாம் பழைய மாதிரியேதானே நினைக்கிறே?”

“மத்தவங்கள அப்படித்தான். உன்னை நினைச்சா மட்டும் லேசா உறுமத் தோணுது.”

அவள் இரண்டடி பின்னால் போனாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

நர்ஸ் என்னிடம் விஷயத்தை எளிமையாக விளக்கினாள். “உடம்புக்குள்ள காவலாளிங்க இருப்பாங்கம்மா. புது இதயத்தைத் துரத்திடக் கூடாதுன்னு அவங்களை மருந்து கொடுத்துத் தூங்க வெச்சிருக்கோம். அதனால யாரையும் கிட்ட விடாதீங்க. ஒருத்தரோட சளி போதும்.”

ஆரம்பத்தில் எல்லாரும் முகக்கவசம் அணிந்தே வந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இவரைக் காப்பாற்றத்தான் அணிகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பன்றியிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அணிகிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

தினசரி அறிக்கைகள் இலக்கியத் தரம் வாய்ந்தவை. “இதயம் நல்ல இரவைக் கழித்தது.” “இதயம் புதிய சூழலுக்கு மகிழ்ச்சியுடன் பழகி வருகிறது.” ஒருநாள் மக்கள் தொடர்பு அதிகாரியிடம் கேட்டேன்.

“இவருக்கு ராத்திரி முழுக்க முதுகு வலி. அதையும் ஒரு வரி போடலாமே சார்?”

“முதுகு இந்தத் திட்டத்துல வராதும்மா.”

பிறகு குழு “நேரடிக் கள ஆய்வு”க்கு வருவதாகத் தகவல் வந்தது. தரையை மூன்று பேர் துடைத்தார்கள். என் நாற்காலியை எடுத்துப் போய்விட்டார்கள். கதவுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, திறந்து பிடித்துக்கொண்டார்கள். தலைவர் முன்னால் வர, உறுப்பினர்களும் புகைப்படக்காரர்களும் பின்னால் வந்தார்கள். எல்லார் முகத்திலும் கவசம்.

அப்போது ஒரு நிருபர் வாசலில் இருந்தபடியே கேட்டார்: “பன்னி நோய் எதுவும் மனுஷங்களுக்கு ஒட்டிக்காதா சார்?”

தலைவர் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல நிமிர்ந்தார்.

“ஒட்டறதா? இந்த இதயம் உங்களைவிட, என்னைவிடச் சுத்தம். இதைப் பார்த்துப் பயப்படறது அறிவியலை அவமானப்படுத்தறது” என்று சொல்லித் தன் கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அறிவியலை அவமானப்படுத்த யார்தான் விரும்புவார்கள்? உறுப்பினர்கள் வரிசையாகக் கழற்றினார்கள். கைதட்டல் எழுந்தது. கைதட்டி முடித்ததும் தலைவர் இருமினார்.

“சார், இருமல் இருக்கா?” என்றேன்.

“வீட்ல பேரனுக்குச் சளி. எனக்கும் லேசா ஒட்டிக்கிச்சு. பெருசா ஒண்ணும் இல்ல.”

“இவருக்கு ஆகாதுன்னு நர்ஸ் சொன்னாங்க சார். கவசத்தைப் போட்டுக்கங்களேன்.”

“பயப்படாதீங்கம்மா. இது மனுஷச் சளிதான்.”

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மக்கள் தொடர்பு அதிகாரி அவளைப் படத்தில் விழாத பக்கமாக நகர்த்தி நிறுத்தினார். தலைவர் ஸ்டெதஸ்கோப்பை வாங்கி இவர் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். படம் சரியாக வரவில்லை என்றார்கள். இன்னொரு முறை கேட்டார். பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டார்கள். இவர் முகத்தை நான் நின்றிருந்த சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: “லிப்ட்டுலயாவது ‘எட்டுப் பேருக்கு மேல் ஏறாதீர்’னு எழுதி வெச்சிருப்போம்.”

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. பிறகு இருமல். நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. தூங்கிக்கொண்டிருந்த காவலாளிகளை எழுப்பினால் இதயத்தைத் துரத்திவிடுவார்கள், எழுப்பாவிட்டால் சளி போகாது என்று பெரிய டாக்டர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இவரால் பேச முடியாமல் போன பிறகு, என் உள்ளங்கையில் விரலால் மேலே, கீழே என்று இரண்டு அம்புக்குறி வரைந்தார். எனக்குப் புரிந்தது. “லிப்ட் வேலையை நீங்களே வந்து செய்யுங்க” என்றேன். லேசாகத் தலையசைத்தார்.

கடைசி அறிக்கை இப்படி இருந்தது: “இதயம் இறுதி வரை சிறப்பாக ஒத்துழைத்தது.” யார் ஒத்துழைக்கவில்லை என்பதை அறிக்கை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

அனுதாபக் கூட்டத்தில் தலைவர் அந்தக் குறையைத் தீர்த்தார். “இதயம் தோற்கவில்லை” என்றார், தழுதழுத்த குரலில். “நுரையீரல் நம்மைக் கைவிட்டது. அடுத்த கட்டமாக நுரையீரலையும் கொடையாளரிடமிருந்தே பெறுவோம்.” பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். என் கணவரின் பெயரைப் புதிய கொடையாளர் இல்லம் ஒன்றுக்குச் சூட்டப்போவதாகவும் அறிவித்தார்.

திறப்பு விழாவுக்கு என்னைக் கார் அனுப்பி அழைத்துப் போனார்கள். வாசலில் ஒரு காவலாளி. விழித்திருந்தார். எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: “உங்களுக்கோ வீட்ல யாருக்காவதோ சளி, இருமல் இருக்கா?”

எனக்கு முன்னால் தலைவர் நின்றிருந்தார்.

“பேரனுக்கு லேசாச் சளி. எனக்கும் தொண்டை கரகரங்குது. பெருசா ஒண்ணும் இல்ல.”

“மன்னிக்கணும் சார். உள்ள போக முடியாது. உயிர் விஷயம்.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. புன்னகையுடன் காவலாளியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். “ரொம்பச் சரி. ரூல்னா ரூல்தான். போட்டதே நான்தானே” என்று சொல்லி, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, இருமாமல், பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

நான் இரண்டு முறை குளித்தேன். உடுப்பு மாற்றி, கவசம் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடிக்கு அப்பால் அடுத்த கொடையாளர் நல்ல சுகத்தோடு நின்று என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. அருமையான கதவு, விளிம்பெல்லாம் ரப்பர் வைத்து, காற்றுப் புகாமல். இவர் இருந்திருந்தால் ஒருமுறை தடவிப் பார்த்திருப்பார்.

இதயம் பன்றிக்குள் இருக்கும்வரை தலைவரையே வாசலில் நிறுத்துகிறார்கள். அது மனிதனுக்குள் வந்த பிறகுதான் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறார்கள்.