யாருக்கு இந்தப் பியானோ?

"யாரைப்பா கொல்லப் போறாங்க?"

இசை அறைக் கதவைத் திறந்த வேகத்தில் கேட்டார், டி.வி. சீரியலில் அப்பாவாக நடிப்பவர். பாதி முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தது. மீதி முகம் தானாகவே வெளுத்திருந்தது.

பியானோக்காரர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். அந்த சீரியலில் அவர் பியானோவை மெல்ல வாசிக்க ஆரம்பித்தால் யாரோ ஒரு நடிகருக்கு வேலை போகிறது என்று அர்த்தம். சித்தப்பா, பெரியம்மா, இரண்டு மருமகன்கள் என்று பல பேரை வாசித்தே அனுப்பி வைத்திருக்கிறார்.

"சத்தியமா தெரியாதுண்ணே. 'ஒருத்தர் ஒரேயடியா போறார், மனசைப் பிசையற மாதிரி மெதுவா ஒண்ணு குடுங்க'ன்னார் டைரக்டர். பேரு சொல்லல."

"இதை விட்டா எனக்கு வேற நாதி இல்லப்பா. இந்த மூஞ்சிக்கு இனிமே யாரு வேஷம் குடுப்பா?"

பெரியவர் கண் கலங்கியதும் பியானோக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"ஆம்பளைன்னா இப்படியா வாசிப்பேன்? இதுல புல்லாங்குழல் வேற வரப்போகுது" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். சொன்ன பாவத்துக்குப் பொத்தானை அழுத்திப் புல்லாங்குழலையும் சேர்த்தார்.

அந்தக் கட்டடத்தில் சுவர் பேருக்குத்தான் சுவர். பக்கத்து மேக்கப் அறையிலிருந்து சீரியல் மாமியார் தலைவிரி கோலமாக வந்து நின்றார்.

"புல்லாங்குழல்னா நான்தானே? எனக்குத்தானே அது எப்பவும் வரும்?"

"ஐயோ அக்கா, இன்னும் முடியல. வயலின் சேர்த்துட்டா யாருக்குன்னே தெரியாது."

சேர்த்தார். யாருக்கென்று தெரியாததால் எல்லாருக்கும் என்று ஆகிவிட்டது. மொத்தக் குடும்பமும் வேனோடு பள்ளத்தில் விழப்போகிறதாம் என்று மதியத்துக்குள் சேதி பரவியது. கதாநாயகி மை கரைய அழுதாள். காமிரா முன்னால் ஒருத்தரும் வரவில்லை. வெளியே மழை வேறு விட்டபாடில்லை.

டைரக்டர் ஓடி வந்தார். கத்த வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, கத்தவில்லை.

"புல்லாங்குழல், வயலின் எல்லாம் வேணாம்ணே. வெறும் பியானோ போதும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பியானோக்காரர் மறுபடி உட்கார்ந்தார். போகிறவர் யாராக இருந்தாலும் பாவம்தானே என்று உருகி உருகி வாசித்தார். வாசலில் கூடியிருந்தவர்கள் விசும்பினார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுந்து நின்றார்.

"யாரும் அழாதீங்க. போறவர் பேரைச் சொன்னாத்தான் இதைக் குடுப்பேன்னு டைரக்டர்கிட்ட சொல்லிடறேன். நான் இல்லாம இங்க ஒரு சாவு நடந்துருமா?"

மேக்கப் போடும் பெண் மட்டும் அழாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"நடிகருங்க யாரும் போகலண்ணே... வெள்ளிக்கிழமை உங்களை வேலையிலேருந்து வழியனுப்பறதுக்கு ஒரு விழா வெச்சிருக்காங்க, அங்க போடற வீடியோவுக்கு உங்களை விட்டா யாரு இவ்வளவு நல்லா வாசிப்பான்னு டைரக்டர் சொல்லிட்டிருந்தார்."